டபள் கெப்பின் முன் ஹப்: பூட்டும் முறை அறிந்தால் நட்டம் குறையும்

மிளகு, கராம்பு வியாபாரம் செய்கிறவன் வாகனத்தின் ஹப்பைப் பற்றி எழுதுகிறானே என்று சிலர் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. அக்குரணை, மடவளை, கட்டுகஸ்தோட்டைப் பக்கத்து வியாபாரிகள் பலருக்குப் பழைய ஃபோர் வீல் வாகனம்தான் இரண்டாவது கடை. வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. 2025 இல் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் அனுமதி கிடைத்தபோதும், வரிகளோடு சேர்த்துப் பார்த்தால் விலை நம் கைக்கு எட்டுவதாக இல்லை. ஆகவே இருக்கிற பழைய வாகனத்தைக் காப்பாற்றிக்கொள்வதும் முதலைக் காப்பாற்றுவதுதான்.

என்னுடையது 1990களில் தயாரான டொயோட்டா ஹைலக்ஸ் எல்என் 106 டபள் கெப். சில பருவங்களுக்கு முன்னர் முன் சில்லுகளின் பெயரிங்குக்குக் கிறீஸ் போட ஒரு கராஜில் விட்டேன். வேலை முடிந்தது, காசும் கொடுத்தேன். அடுத்த வாரம் ஹுன்னஸ்கிரிய வழியாக மீமுரே பக்கம் போய் 12 மூடை மிளகு ஏற்றினேன். அஸர் நேரம் மழை பிடித்துக்கொண்டது. சேறான ஏற்றமொன்றில் இரண்டு ஹப்பையும் லொக்குக்குத் திருப்பி, ஃபோர் வீலில் போட்டு ஏறினேன். பின் சில்லுகள் சுழன்றன, முன் சில்லுகள் அசையவில்லை. வாகனம் மெல்ல மெல்லப் பள்ளத்துப் பக்கம் வழுக்கியது. கூட வந்த மருமகன் பாய்ந்து இறங்கிப் பின் சில்லுக்குக் கல் வைத்திராவிட்டால் என்ன நடந்திருக்குமோ தெரியாது. அன்றிரவு அங்கேயே நின்றோம். மிளகு நனைந்தது. வாங்க இருந்தவர் ஈரப்பதத்தைக் காட்டி விலையைக் குறைத்தார்.

ஹப் செய்யும் வேலை என்ன?

சாதாரண தார் வீதியில் முன் சில்லுகளுக்கு எஞ்சினின் பலம் தேவையில்லை. ஆனால் சில்லோடு அக்ஸில், டிஃபரன்ஷியல், முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட் எல்லாம் சேர்ந்து சுழன்றால் டீசலும் வீண், தேய்மானமும் அதிகம். இதற்காகத்தான் ஃப்ரீ வீல் ஹப். அமெரிக்காவில் ஆர்தர் வார்ன் என்பவர் 1948 இல், யுத்தத்தில் மிஞ்சிய ஜீப்புகளுக்காக இதைச் செய்து விற்கத் தொடங்கினார். ‘ஃப்ரீ’ என்ற இடத்தில் சில்லு தனியாகச் சுழலும். ‘லொக்’கில் திருப்பினால் ஹப்புக்குள் இருக்கும் பல் வைத்த வளையம் நகர்ந்து, சில்லையும் அக்ஸிலையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும்.

இதில் இரண்டு விடயங்களை மறக்கக்கூடாது. முதலாவது, ஒரு பக்கம் மட்டும் லொக் ஆனால் இரண்டு பக்கமும் ஆகாததற்குச் சமம். டிஃபரன்ஷியல் தன் பலத்தை இலகுவாகச் சுழலும் பக்கத்திற்கே அனுப்பிவிடும். இரண்டாவது, வெளியில் தெரியும் திருகியை நம்ப முடியாது. நாம் அதைத் திருப்பும்போது உள்ளே ஒரு ஸ்பிரிங்தான் இறுகுகிறது. வளையத்தைத் தள்ளுவது அந்த ஸ்பிரிங். வளையம் சிக்கிக்கொண்டாலும் திருகி ‘லொக்’ என்றே காட்டும்.

கட்டுகஸ்தோட்டைப் பக்கம் இருக்கும் வயதான மெக்கானிக் நானா ஒருவரிடம் வாகனத்தைக் கொண்டுபோனேன். வலப்பக்க ஹப்பைத் திறந்ததும் சிரித்தார். “உள்ளுக்கு கிறீஸ அடச்சி வெச்சீக்கிறாங்க தம்பி. ரிங்கு நகர எடமில்ல” என்றார். மலைக்குளிரில் கிறீஸ் இன்னும் கெட்டியாகி, ஸ்பிரிங்கால் தள்ள முடியாமல் போயிருக்கிறது. இடப்பக்கத்தில் ஆறு கூம்பு வொஷர்களில் இரண்டைக் காணவில்லை. நானா இரண்டையும் கழுவித் திரும்பப் பூட்டியபோது பக்கத்தில் இருந்து பார்த்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பூட்டும் ஒழுங்கு

1. எல்லாப் பாகங்களையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, நன்றாகக் காயவிட வேண்டும். பெயரிங்கில் நீலம் பாய்ந்த நிறமோ குழியோ இருந்தால் புதியது போட வேண்டும். உள் ஒயில் சீல் எப்போதும் புதியதாக இருப்பது நல்லது.

2. கிறீஸ் தாராளமாகத் தேவைப்படுவது பெயரிங்குக்குத்தான். உருளைகளின் இடுக்குகளுக்குள் ஏறும்வரை உள்ளங்கையில் வைத்து அழுத்த வேண்டும்.

3. சில்லு ஹப்பை ஏற்றி, வெளிப் பெயரிங், வொஷர், சரிசெய்யும் நட் என்ற ஒழுங்கில் போட வேண்டும். நட்டுக்கு 54 மில்லிமீற்றர் சொக்கட் வேண்டும். உளியும் சுத்தியலும் வைத்துத் தட்டுகிற இடத்தில் வாகனத்தைக் கொடுக்காதீர்கள்.

4. நட்டை முதலில் சுமார் 59 நியூட்டன் மீற்றர் இறுக்கி, ஹப்பை இரு பக்கமும் பலமுறை சுழற்றிப் பெயரிங்கை அமர வைக்க வேண்டும். பின் கையால் திருகுமளவு தளர்த்தி, மீண்டும் இலேசாக இறுக்க வேண்டும்.

5. இப்போதுதான் நம் வியாபாரிகளின் கருவி வருகிறது. சில்லு போல்ட் ஒன்றில் வில்தராசைக் கொழுவி இழுக்க வேண்டும். ஹப் அசையத் தொடங்கும்போது தராசு ஏறத்தாழ 3 முதல் 5½ கிலோ வரை காட்டினால் இறுக்கம் சரி. பிரேக் பேட் தொடாமல் இருக்க வேண்டும். கூடினால் பெயரிங் எரியும், குறைந்தால் சில்லு ஆடும்.

6. பூட்டு வொஷரும் பூட்டு நட்டும் போட்டு, நட்டைச் சுமார் 47 நியூட்டன் மீற்றர் இறுக்கித் தராசால் மீண்டும் பார்க்க வேண்டும். பூட்டு நட் இறுகும்போது முன் அளவு மாறிவிடும் என்பதால் இந்த இரண்டாவது பார்வை முக்கியம். பிறகு வொஷரின் ஒரு பல்லை உள் நட் பக்கமும் இன்னொன்றை வெளி நட் பக்கமும் மடித்துவிட வேண்டும்.

7. புதிய கேஸ்கட் வைத்து ஃப்ரீ வீல் ஹப்பின் உடலை ஏற்ற வேண்டும். ஆறு நட்டுக்கும் ஆறு கூம்பு வொஷர். இறுக்கம் சுமார் 31 நியூட்டன் மீற்றர். கூம்பு வொஷர் இல்லாவிட்டால் ஏற்றங்களில் வரும் இழுவை முழுதும் ஸ்டட்டுகளில் விழும். நட் தளரும், பிறகு ஸ்டட் அறுந்துபோகும்.

8. அக்ஸில் முனையில் இருக்கும் துளையில் ஒரு போல்ட்டைத் திருகி, அதைப் பிடித்து வெளியே இழுத்தால்தான் சேர்க்ளிப் போடும் காடி தெரியும். சேர்க்ளிப் காடிக்குள் முழுமையாக உட்கார்ந்ததா என்று பார்க்க வேண்டும்.

9. ஹப்பின் உள்ளே வளையத்துக்கும் பற்களுக்கும் மெல்லிய கிறீஸ் பூச்சு போதும். மூடியைப் பூட்டும்போது திருகி கட்டாயம் ‘ஃப்ரீ’யில் இருக்க வேண்டும். மூடியின் உள் நாக்குகள் உடலில் பல் இல்லாத இடங்களுக்கு நேராக வர வேண்டும். கையால் தள்ளும்போதே மூடி உட்கார வேண்டும். உட்காராவிட்டால் போல்ட்டால் இழுத்து இறுக்கக்கூடாது, உள்ளே உடையும். இந்தச் சிறிய போல்ட்டுகளுக்கு 10 நியூட்டன் மீற்றர் போதும்.

மேலே சொன்ன அளவுகள் என் ஹைலக்ஸுக்குரியவை. பஜெரோ, லேண்ட் ரோவர் போன்றவற்றுக்கு அவற்றின் கைநூலைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

காசு கொடுக்குமுன் ஒரு சோதனை

பின் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தை உயர்த்தி, ஸ்டாண்டில் நிறுத்தச் சொல்லுங்கள். எஞ்சின் நிறுத்தப்பட்டிருக்கட்டும். இரண்டு ஹப்பையும் லொக்கில் வைத்து, ஃபோர் வீலில் போட்டு, கியரிலும் விடுங்கள். ஒரு முன் சில்லைக் கையால் சுழற்றினால் மற்றச் சில்லு எதிர்த்திசையில் சுழல வேண்டும். சுழலாவிட்டால் ஏதோ ஒரு ஹப் பிடிக்கவில்லை. இரண்டு நிமிட வேலை. இதை அன்று நான் கேட்டிருந்தால் மிளகு நனைந்திருக்காது.

அதன் பின்பும் சில பழக்கங்கள் வேண்டும். நூறு கிலோமீற்றர் ஓடியதும் ஹப் நட்டுகளைப் பாருங்கள், ஹப்பைத் தொட்டுச் சூட்டையும் பாருங்கள். ஆழமான ஓடையைக் கடந்தால் மூடியைத் திறந்து பாருங்கள். கிறீஸ் பால் நிறமாக இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. மாதமொரு முறை ஹப்பை லொக்கில் வைத்து டூ வீலிலேயே சில கிலோமீற்றர் ஓடினால் உள்ளே கிடக்கும் பாகங்களுக்கு எண்ணெய் பரவும். ஆனால் காய்ந்த தார் வீதியில் ஃபோர் வீலில் ஓட வேண்டாம்.

மூடையைப் பிரித்துக் கையால் அளைந்து பார்க்காமல் நாம் மிளகு வாங்குவதில்லை. கராஜில் மட்டும் சாவியைக் கொடுத்துவிட்டு அடுத்த கடைக்குத் தேநீர் குடிக்கப் போய்விடுகிறோம். அடுத்த முறை மூடி பூட்டும் நேரத்திலாவது பக்கத்தில் நின்று, கூம்பு வொஷர்களை ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பாருங்கள். ஒரு பக்கத்துக்கு ஆறு இருக்க வேண்டும்.