எல்லையில் கலங்கும் செய்தி

பாறசாலையிலிருந்து களியக்காவிளைக்குச் சாவடியை விட்டு ஊடுவழியே நடப்பவர், 1956 நவம்பர் 1 முதல் இரு மாநிலங்களைப் பிரித்து நிற்கும் எல்லையை எந்த அடியில் கடந்தார் என்று மண்ணைப் பார்த்துச் சொல்ல இயலாது. அதே தென்னை, அதே பேச்சு. பெரிய கருந்துளையின் எல்லையும் இத்தகையதே என்கிறது ஐன்ஸ்டைனின் கொள்கை. உள்ளே விழுபவருக்குச் சுவரோ கதவோ தென்படாது. ஆனால் களியக்காவிளைக்குப் போனவர் மாலையில் வீடு திரும்புவார். அங்கே போன ஒளியும் திரும்பாது.

எனில், ஒரு கடிதத்தை அதனுள் எறிந்தால் அதிலுள்ள செய்தி என்னாகும்? கருந்துளை வெப்பமுடையது, கதிர்வீசி மெல்லத் தேய்வது என்று 1974-இல் ஹாக்கிங் கணக்கிட்டுக் காட்டினார். அக்கதிரில் கடிதத்தின் சுவடே இல்லையெனில், நடந்ததை அடியோடு அழிக்கும் செயல் ஒன்று இயற்கையில் உண்டென்றாகும். குவாண்டம் பௌதிகம் அதற்கு இடங்கொடாது. அடுப்பில் இட்ட கடிதத்தின் செய்தியும் சாம்பலிலும் புகையிலும் ஒளியிலும் சிதறிக் கிடக்கிறதேயன்றி அழிவதில்லை. அதைச் சேர்த்துப் படிக்க நம்மால் ஆகாது என்பது வேறு சங்கதி.

வெப்பமுள்ள பொருளுக்கு நுண்ணிய உறுப்புகள் இருந்தாக வேண்டும். இந்த வழியைப் பற்றிச் சென்று, வெளிக்கே அணுக்கள் போன்றவை உண்டென வாதித்தவர் தாணு பத்மநாபன். நெய்யாற்றின்கரைக்கு அண்மையிலுள்ள திருவனந்தபுரத்தில் 1957-இல் பிறந்து, அங்கேயே பல்கலைக்கழகக் கல்லூரியில் பயின்றவர், 2021-இல் மறைந்தார்.

அந்த உறுப்புகளிடையே செய்தி எவ்வாறு பரவும்? நெய்யாற்று நீர் நிறைந்த குடத்தில் விட்ட ஒரு துளி மை, அண்டை நீரோடு மட்டுமே கலந்து மெதுவாகப் பரவும். கருந்துளையின் எல்லையிலோ, சந்தையில் வதந்தி பரவுவது போன்ற கதை. ஒருவர் அறிந்தது இருவராகி, நால்வராகி, பத்தே சுற்றில் ஆயிரம் பேரை எட்டிவிடும். கருந்துளையைவிட விரைவாகக் கலக்கக்கூடியது இயற்கையில் இல்லை என்று 2008-இல் செகினோவும் சஸ்கிண்டும் ஊகித்தனர். சூரியனின் நிறையுள்ள கருந்துளைக்கு ஆரம் 3 கிலோமீட்டர். அதன் எல்லை முழுவதும் செய்தி கலந்துவிட, ஒரு நொடியை ஆயிரமாகப் பகுத்து அதில் சில பங்கே போதும். பின்னர் எந்த மூலையைச் சோதித்தாலும் ஓரெழுத்தும் அகப்படாது. எல்லா மூலைகளையும் சேர்த்தால் மட்டுமே கடிதம்.

இதில் ஒரு விந்தை உண்டு. பாதிக்குமேல் தேய்ந்த கருந்துளையின் பழைய கதிர் அனைத்தையும் ஒருவர் சேமித்து வைத்திருந்தால், புதிதாக எறிந்த கடிதம் கலங்கி முடிந்த சற்று நேரத்திலேயே கதிரில் வெளிவந்துவிடும் என்று 2007-இல் ஹேடனும் பிரெஸ்கிலும் காட்டினர். ஆனால் சூரிய நிறையுள்ள ஒன்று அவ்வளவு தேய்வதற்கு, ஒன்றுக்குப் பின் சுமார் 67 சுழியிட்ட ஆண்டுகள் செல்லும். அதுவரை கதிரைச் சிந்தாமல் காக்கும் குடத்தை வனைய எந்தக் குயவரிடம் சொல்வது?