ஊஃபருக்கும் ஆம்புக்கும் நடுவில் ஒரு ஓம் கணக்கு

போன மாசம் பக்கத்துத் தெருத் தம்பி ஒருத்தன் காரை வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். "அண்ணே, மெதுவா வெச்சா நல்லா பாடுது. கொஞ்சம் ஏத்தினா ஆம்ப்ல சிவப்பு லைட் எரிஞ்சு நின்னுடுது. ஆம்ப் போச்சா?"

டிக்கியைத் திறந்து பார்த்தேன். இரண்டு 12 இன்ச் சப்-ஊஃபர், ஒரு மோனோ ஆம்ப். ஆம்பின் மேல் "4 ஓமில் 300 வாட்ஸ், 2 ஓமில் 500 வாட்ஸ்" என்று போட்டிருந்தது. 1 ஓம் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

ஆம்ப் போகவில்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துகொண்டிருந்தது. அன்றைக்கு அவனுக்குப் பேப்பரில் போட்டுக் காட்டிய கணக்கை இங்கே பதிந்து வைக்கிறேன். ஊஃபர் வாங்கப்போகிறவர்கள் வாங்குவதற்கு முன்னாலேயே படித்துவிட்டால் நல்லது. சில தப்புகளை வாங்கின பிறகு வயரிங்கில் சரிசெய்ய முடியாது.

ஆம்புக்கு எது தெரியும்?

ஊஃபர் என்ன பிராண்ட், எத்தனை இன்ச் என்பதெல்லாம் ஆம்புக்குத் தெரியாது. தன் முனையில் எத்தனை ஓம் தொங்குகிறது என்பது மட்டும்தான் தெரியும். ஒரு குறிப்பிட்ட வால்யூமில் அது ஒரு வோல்டேஜைக் கொடுக்கும். எவ்வளவு கரன்ட் ஓட வேண்டும் என்பதை ஓம்தான் முடிவு செய்யும். பள்ளிக்கூடத்தில் படித்த அதே ஓம் விதி.

தம்பியின் ஆம்பையே எடுத்துக்கொள்வோம். 2 ஓமில் 500 வாட்ஸ் என்றால் வோல்டேஜ் கிட்டத்தட்ட 31.6, கரன்ட் 15.8 ஆம்பியர். அதே வோல்டேஜில் 1 ஓம் மாட்டினால் கரன்ட் இரண்டு மடங்கு, 31.6 ஆம்பியர். ஆனால் உள்ளே இருக்கும் மாஸ்ஃபெட்டில் ஏறும் சூடு கரன்டின் வர்க்கத்தைப் பொறுத்தது; அது நான்கு மடங்கு ஆகிவிடும். நல்ல ஆம்ப் என்றால் சிவப்பு லைட் போட்டு நின்றுவிடும். பாதுகாப்பு சரியில்லாத ஆம்ப் என்றால் கருகிய வாசனை வரும்.

"ஓம் குறைஞ்சா பவர் கூடும்" என்று கடைகளில் சொல்வது பாதி உண்மை. ஆம்பால் அந்தக் கரன்டைக் கொடுக்க முடிகிற வரைக்கும்தான் அது கூடும். எதுவரைக்கும் என்பது ஆம்பின் மேலேயே எழுதியிருக்கும். எழுதாத ஓமை மாட்டக் கூடாது.

காயில் கணக்கு

தம்பியின் ஊஃபர் ஒவ்வொன்றிலும் இரண்டு காயில், காயிலுக்கு 4 ஓம். இதை "டூயல் 4 ஓம்" என்பார்கள். தொடரிணைப்பில் (சீரிஸ்) ஓம்களைக் கூட்ட வேண்டும். பக்க இணைப்பில் (பேரலல்), எல்லாம் ஒரே அளவாக இருந்தால், எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். அவ்வளவுதான் விதி.

ஒரே ஒரு டூயல் 4 ஊஃபர் என்றால் சீரிஸில் 8 ஓம், பேரலலில் 2 ஓம்.

இரண்டு டூயல் 4 ஊஃபர் என்றால் மொத்தம் நான்கு காயில். எல்லாமே பேரலல் என்றால் 1 ஓம். எல்லாமே சீரிஸ் என்றால் 16 ஓம். ஒவ்வொரு ஊஃபருக்குள்ளும் சீரிஸ் போட்டு, பிறகு இரண்டையும் பேரலலாகச் சேர்த்தால் 4 ஓம். மாற்றிப் போட்டாலும், அதாவது உள்ளே பேரலல், வெளியே சீரிஸ் என்றாலும், அதே 4 ஓம்தான்.

கவனித்தீர்களா, இந்தப் பட்டியலில் 2 ஓம் இல்லவே இல்லை! நான்கு காயிலையும் சமமாக வேலை வாங்கும் எந்த வயரிங்கிலும் அது வராது. தம்பியின் ஆம்புக்கு 500 வாட்ஸ் கிடைக்கும் இடமோ அந்த 2 ஓம்தான். அவன் டூயல் 2 ஊஃபர் இரண்டு வாங்கியிருந்தால், உள்ளே சீரிஸில் 4, இரண்டும் பேரலலில் 2 என்று கச்சிதமாக உட்கார்ந்திருக்கும். முதலில் ஆம்பின் ஓமைப் பார்த்துவிட்டு அதற்கேற்ற காயிலைத் தேட வேண்டும். அவன் தலைகீழாக வாங்கியிருந்தான். கடையில் மாட்டிக் கொடுத்தவர் நான்கு காயிலையும் பேரலலில் இழுத்து 1 ஓமாக்கி அனுப்பிவிட்டார்.

இரண்டு சேனல் ஆம்பை பிரிட்ஜ் செய்து மாட்டுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பிரிட்ஜில் ஒவ்வொரு சேனலும் பாதி ஓமைத்தான் பார்க்கும். 4 ஓம் ஊஃபர் மாட்டினால் சேனலுக்கு 2 ஓம். அதனால்தான் பல ஆம்புகளில் "பிரிட்ஜில் குறைந்தது 4 ஓம்" என்று போட்டிருப்பார்கள்.

"300 வாட்ஸ்தானா அண்ணே?"

4 ஓமுக்கு மாற்றலாம் என்றதும் அவன் முகம் வாடிவிட்டது. 200 வாட்ஸ் போகிறதே என்ற கவலை. காதுக்கு இது எவ்வளவு என்று பார்ப்போம். 300க்கும் 500க்கும் வித்தியாசம் 2.2 டெசிபெல். சத்தம் இரண்டு மடங்காகக் கேட்க சுமார் 10 டெசிபெல் வேண்டும்.

"அப்ப ஒரு ஊஃபரைக் கழட்டிட்டு, இன்னொண்ணை மட்டும் 2 ஓம்ல போட்டு 500 வாட்ஸ் எடுத்துடலாமா?" என்றான். நல்ல கேள்வி. ஒரே பவரை ஒரு ஊஃபருக்குக் கொடுப்பதைவிட, அதே மாதிரி இரண்டு ஊஃபருக்குப் பிரித்துக் கொடுத்தால், பேஸில் சுமார் 3 டெசிபெல் கூடுதலாகக் கிடைக்கும். தள்ளுகிற கோன் பரப்பு இரண்டு மடங்கு ஆகிறதல்லவா. ஆக, 300 வாட்ஸில் இரண்டு ஊஃபர் ஓடுவது, 500 வாட்ஸில் ஒன்று ஓடுவதைவிட ஒரு இம்மி அதிகமாகவே கேட்கும். காயிலும் ஆம்பும் சூடு குறைந்து நிம்மதியாக ஓடும்.

சத்தத்தைவிடப் பெரிய விஷயம்

பேனட்டைத் திறந்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று 40 ஆம்பியரை எடுத்துவிட்டு 80 ஆம்பியர் போட்டுக் கொடுத்திருந்தார்கள். வயரோ 8 கேஜ். நுனியைச் சுரண்டிப் பார்த்தால் வெள்ளையாக இருந்தது. தாமிரம் பூசின அலுமினியம். அதன் மேலுறை ஒரு இடத்தில் இளகிப்போயிருந்தது.

ஃபியூஸ் காப்பாற்றுவது வயரை. வயர் தாங்குவதைவிடப் பெரிய ஃபியூஸ் போட்டால், முதலில் எரிவது வயராக இருக்கும். அந்த வயர் கார்பெட்டுக்கு அடியில், சீட்டுக்குக் கீழே போகிறது. ஃபியூஸ் போய்ப்போய்ச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: லோடு தப்பு. அதைக் கேட்காமல் ஃபியூஸின் வாயை அடைத்துவிட்டார்கள்.

4 ஓமில் 300 வாட்ஸ், ஆம்பின் திறன் 80 சதவீதம், 13.8 வோல்ட் என்று வைத்தால் பேட்டரியிலிருந்து இழுப்பது சுமார் 27 ஆம்பியர். 40 ஆம்பியர் ஃபியூஸ் தாராளம். புது தாமிர வயர் இழுத்து, பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃபியூஸை வைத்தோம்.

மாட்டுவதற்கு முன் செய்ய வேண்டியது

ஆம்பிலிருந்து ஊஃபர் வயரைக் கழற்றி, மல்டிமீட்டரை ஓமில் வைத்து அளக்கவும். முதலில் மீட்டரின் இரண்டு முனைகளையும் தொட வைத்து, காட்டுவதைக் குறித்துக்கொள்ளுங்கள். தம்பி காரில் ஊஃபர் வயர் 1.1 காட்டியது, முனைகள் 0.2; கழித்தால் 0.9. குற்றவாளி அகப்பட்டுவிட்டான். மீட்டர் அளப்பது டிசி தடையை. அது அட்டையில் போட்ட ஓமைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். 4 ஓம் காயிலுக்கு 3.2 முதல் 3.8 வரை வந்தால் பயப்பட வேண்டாம். மாற்றிக் கட்டிய பிறகு 3.6 வந்தது.

கடைசியாக ஒன்று. 1.5 வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸை ஊஃபர் வயரின் பிளஸ்ஸில் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். இரண்டு கோனும் வெளியே வர வேண்டும். ஒன்று வெளியே, ஒன்று உள்ளே என்றால் வயர் தலைகீழ். எத்தனை வாட்ஸ் கொடுத்தாலும் பேஸ் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும்.

தம்பி இப்போது முழுப்பாட்டும் கேட்கிறான். சிவப்பு லைட் வரவில்லை. கழற்றின அந்த 80 ஆம்பியர் ஃபியூஸ் என் மேஜை டிராயரில் கிடக்கிறது.