விமானம் தாமதமா? தூரத்தைப் பாருங்கள்

லண்டனுக்கும் சென்னைக்கும் இடையே வான்வழி நேர்தூரம் ஏறத்தாழ 8,200 கிலோமீட்டர். நேரடி விமானம் என்றால் பத்து, பதினோரு மணி நேரம்; துபாயிலோ தோஹாவிலோ மாறி வந்தால் இன்னும் பல மணி நேரம் கூடும். டிக்கெட் எடுக்கும்போது இதையெல்லாம் பார்க்கிறோம். விமானம் தாமதமானால் கிடைக்கவேண்டிய இழப்பீட்டையும் இந்தத் தூரம்தான் முடிவு செய்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை.

பிரிட்டனிலிருந்து புறப்படும் விமானம் எந்த நாட்டு நிறுவனத்துடையதானாலும் பிரிட்டிஷ் சட்டம் பயணிக்குத் துணை நிற்கும். 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்தில் நான்கு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் 520 பவுண்டு. மூன்றிலிருந்து நான்கு மணி நேரம் என்றால் 260. இது ஆளுக்கு. நால்வர் வந்தால் 2,080 பவுண்டு வரை கேட்கலாம். டிக்கெட்டை மலிவாக வாங்கினீர்களா என்பது இதில் பொருட்டே இல்லை.

தாமதத்தை எப்படி அளக்கிறார்கள்? சக்கரம் தரையைத் தொட்ட நேரம் கணக்கில்லை. கதவு திறந்த நேரமே கணக்கு என்று, பிரிட்டிஷ் சட்டத்துக்கு மூலமான ஐரோப்பிய விதியை வைத்து ஐரோப்பிய நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. தூரத்துக்கும் ஒரு தீர்ப்பு உண்டு. ரோமிலிருந்து பிரஸ்ஸல்ஸ் வழியாக ஹாம்பர்க் போன பயணிகள் பறந்தது 1,656 கிலோமீட்டர்; நேர்தூரம் 1,326தான். 1,500ஐத் தாண்டவில்லை என்பதால் 400 யூரோவுக்குப் பதில் 250 யூரோவே உண்டு என்று 2017இல் முடிவாயிற்று.

ஒரே முன்பதிவில் மாறிப் போனால் கடைசி ஊரில் இறங்கும் நேரத்தைப் பார்ப்பார்கள். லண்டனில் ஒரு மணி நேரம் பிந்தி, துபாயில் அடுத்த விமானத்தைத் தவறவிட்டு, சென்னைக்கு ஆறு மணி நேரம் தாமதமாக வந்தால், தாமதம் ஆறு மணி நேரம்தான். அதனால்தான் சொல்கிறேன்: கொஞ்சம் பணம் மிச்சமாகிறது என்று தனித்தனி டிக்கெட் எடுக்காதீர்கள். முதல் விமானம் பிந்தினால் இரண்டாவது டிக்கெட்டுக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

சென்னையிலிருந்து லண்டன் போகும்போது, பிரிட்டிஷ் அல்லது ஐரோப்பிய ஒன்றிய நிறுவன விமானமாக இருந்தால் மட்டுமே இந்தச் சட்டம் பொருந்தும். இந்திய விதிகள் இன்னும் பலவீனமானவை: முன்னறிவிப்பின்றி ரத்தானால் அதிகபட்சம் 10,000 ரூபாய், தாமதத்துக்கு உணவும் தங்குமிடமும் உண்டு, ரொக்கம் கிடையாது. தாமதத்தால் உண்மையான நஷ்டம் ஏற்பட்டிருந்தால் சர்வதேச விமானப் பயணத்துக்கான மாண்ட்ரீல் உடன்படிக்கையின்படி இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம்.

மோசமான வானிலை, பாதுகாப்பு அச்சுறுத்தல் போன்ற காரணங்களுக்கு இழப்பீடு கிடையாது. அப்போதும் சாப்பாடும் ஓட்டல் அறையும் கேட்டு வாங்கலாம். வழக்கமான இயந்திரக் கோளாறு அந்தப் பட்டியலில் வராது.

போர்டிங் பாஸை வைத்திருங்கள். தாமதத்தின் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் நிறுவனத்துக்கே எழுதுங்கள். எட்டு வாரமாகியும் பதில் இல்லையென்றால் பிரிட்டனின் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தையோ அந்த நிறுவனம் சேர்ந்திருக்கும் சமரச அமைப்பையோ அணுகலாம். இந்தியாவில் அரசின் ஏர்சேவா புகார்த் தளமும் நுகர்வோர் நீதிமன்றமும் உண்டு. இங்கிலாந்தில் ஆறு ஆண்டுகள் வரை கேட்க வழியிருப்பதால், பழைய பயணத்தின் தாள்களையும் தேடிப் பாருங்கள்.