கோபித்துக்கொண்டு மலையேறிய ரங்கநாதர்

கோடநாடு காட்சிமுனையிலிருந்து தெரியும் கூம்பு வடிவச் சிகரம்தான் ரங்கசாமி மலை. காரமடையில் கோயில் கொண்டிருந்த ரங்கநாதர், தாயாரோடு பிணக்காகி இங்கே தனியே வந்து குடியேறினார் என்பது மலையடிவாரக் கதை. சாட்சி கேட்பவருக்கு மலைக்குக் கீழே அரக்கோடு கிராமத்துப் பக்கத்துப் பாறையில் இரண்டு பாதச்சுவடுகளைக் காட்டுவார்கள். கோபித்து வந்தவர்தான், ஆனாலும் உச்சியில் தாயாருக்கும் தனி இடம் உண்டு. கோபுரமில்லை, கல் அடுக்கிய சுற்றுச்சுவர் மட்டுமே. பூசாரி இருளர். நூறாண்டுக்கு முந்தைய பதிவுகளின்படி, அங்கே காணிக்கையாக இரும்பு விளக்குகளும், எடை பார்க்கும் வெட்டுக்குறிக் கோல்களும் கிடந்தன.

மலைக்கு அருகே தனித்து நிற்கும் கல்தூண் சுமார் 400 அடி உயரம். அதுவும் சாமி பெயரில்தான்.

கீழே பளபளப்பது பவானிசாகர் நீர்த்தேக்கம். மோயாறு பவானியோடு கூடும் அவ்விடத்தில் தண்ணாயக்கன் கோட்டை இருந்தது. ஹொய்சளத் தளபதிகளான தண்டநாயகர்கள் நீலகிரியை அடக்கியவர் எனப் பொருள்படும் ‘நீலகிரி சாதாரன்’ பட்டத்தோடு ஆண்ட ஊர். 1800இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக ஆய்வுப் பயணம் வந்த புக்கானன் அங்கிருந்துதான் அரக்கோட்டுக்கு ஏறினார். 1955இல் முடிந்த அணை, கோட்டையையும் மாதவப் பெருமாள் கோயிலையும் மூழ்கடித்தது. கடும் வறட்சியில் நீர் வற்றினால், சேறு படிந்த கல் மண்டபம் வெளியே தெரியும்.