ஒரே கணினியில் இரண்டு இயங்குதளம்: தனித்தனி டிஸ்க்கே நல்லது

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் வழக்கமாக அளித்து வந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 14.10.2025 அன்றோடு நின்றுவிட்டன. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால் டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதி கணினியில் இருக்க வேண்டும். இன்டெல் 8-ஆம் தலைமுறைக்கு முந்தைய கணினிகளைப் பெரும்பாலும் அது ஏற்பதில்லை. நன்றாக ஓடும் கணினியைப் பழைய இரும்புக் கடைக்குப் போடுவதா என்று நம் வணிக நண்பர்கள் கேட்பது நியாயம்தான். போட வேண்டியதில்லை.

லினக்ஸ் என்றொரு இயங்குதளம் இருக்கிறது. லினக்ஸ் மின்ட், உபுண்டு என்ற பெயர்களில் இலவசமாகவே கிடைக்கிறது. 4 ஜி.பி. நினைவகம் உள்ள கணினியில் மின்ட் ஓடும். ஜி.எஸ்.டி. தளம், இ-வே பில், வங்கிக் கணக்கு, மின்னஞ்சல் ஆகிய வேலைகளை அதில் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் டாலி விண்டோஸுக்காகச் செய்யப்பட்ட மென்பொருள். பேரேடு முழுவதும் அதில் இருக்கையில் விண்டோஸைக் கைவிட முடியாது. ஆகவே இரண்டும் இருக்கட்டும்: கணக்குக்கு விண்டோஸ், இணைய வேலைக்கு லினக்ஸ்.

ஒரே டிஸ்க்கைப் பிரித்து இரண்டையும் வைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு கிடங்குக்கு நடுவே தட்டி கட்டி அரிசியும் மிளகாயும் அடுக்குவது போன்றது அது. வாசல் ஒன்றே, பூட்டும் ஒன்றே. டிஸ்க் பழுதானால் இரண்டும் சேர்ந்தே போகும். தனி டிஸ்க் என்றால் வாசலும் தனி. விண்டோஸ் மக்கர் செய்தாலும் லினக்ஸ் வழியே உள்ளே போய், விண்டோஸ் டிஸ்க்கில் இருக்கும் டாலி தகவலைப் பென் டிரைவில் எடுத்துவிடலாம். 20-ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்.-3பி தாக்கல் செய்ய வேண்டிய நேரத்தில் கணினி திறக்கவில்லை என்றால் தாமதக் கட்டணத்தோடு 18 சதவீத வட்டியும் சேரும் என்பது நமக்குத் தெரியாததல்ல.

240 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்று போதும். மெக்கானிக் வந்தால் முதலில் டாலி தகவலுக்கு நகல் எடுக்கச் சொல்லுங்கள். விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதியை நிறுத்தச் சொல்லுங்கள். அது இருந்தால் விண்டோஸ் முழுமையாக மூடாது, லினக்ஸிலிருந்து அந்த டிஸ்க்கில் எழுதவும் முடியாது. பிட்லாக்கர் பூட்டு இருந்தால் அதன் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு முக்கியமான வேலை: லினக்ஸை நிறுவும்போது விண்டோஸ் டிஸ்க்கின் கம்பியைக் கழற்றிவிட வேண்டும். கழற்றாவிட்டால் லினக்ஸ் தன் தொடக்கக் கோப்பைப் பழைய டிஸ்க்கிலேயே கொண்டுபோய் வைத்துவிடுவது உண்டு. அப்புறம் தனி டிஸ்க் போட்டதில் பாதிப் பயன் இல்லை. வேலை முடிந்தபின் கம்பியை மாட்டி, கணினியைப் போட்டவுடன் எஃப் 12 அல்லது எஃப் 11 போன்ற விசையை (தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும்) அழுத்தினால் எந்த டிஸ்க் என்று கேட்கும்.

இனி, நம் தொழிலுக்கென்றே ஒரு சங்கதி. கணினிக்குள் இருக்கும் கடிகாரத்தை விண்டோஸ் நம் ஊர் நேரமாகவே எடுத்துக்கொள்ளும். லினக்ஸோ அதை உலகப் பொது நேரமாக வைத்துக்கொண்டு, திரையில் 5½ மணி கூட்டிக் காட்டும். லினக்ஸில் வேலை செய்துவிட்டு விண்டோஸுக்கு வந்தால் கடிகாரம் 5½ மணி நேரம் பின்னால் நிற்கலாம். காய்கறி மண்டியில் அதிகாலை 5 மணிக்குப் பில் போடுகிறவருக்கு முதல் நாள் இரவு 11.30 என்று காட்டும். கணினி நேரத்தைப் பார்த்துத் தேதி போடும் பில்லிங் மென்பொருளாக இருந்தால், ஏப்ரல் 1-ஆம் தேதிப் பில் மார்ச் 31 என்று விழும். அதாவது போன நிதியாண்டுக் கணக்கில்! லினக்ஸும் உள்ளூர் நேரத்தையே பின்பற்றும்படி ஒரு வரிக் கட்டளையில் மாற்றிவிடலாம். மெக்கானிக் கிளம்புமுன் இரண்டு பக்கமும் மாறி மாறித் திறந்து மணியைச் சரிபார்த்த பிறகே கூலி கொடுங்கள்.

சிரமமும் இருக்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக ஒவ்வொரு முறையும் கணினியை நிறுத்திப் போட வேண்டும். கல்லாவில் கூட்டம் நிற்கும்போது இது ஒத்துவராது. பகலில் விண்டோஸில் பில், கடை கட்டும் நேரத்தில் லினக்ஸில் வங்கி, வரி வேலை என்று பிரித்துக்கொள்ளலாம். தெர்மல் பிரிண்டரும் டிஜிட்டல் கையொப்ப டோக்கனும் லினக்ஸில் வேலை செய்கின்றனவா என்று முன்கூட்டியே பார்த்துவிடுவது நல்லது. பல மடிக்கணினிகளில் இரண்டாவது டிஸ்க்குக்கு இடமே இருக்காது. வெளியே மாட்டும் டிஸ்க்கில் போடலாம், வேகம் சற்றுக் குறையும்.

இரண்டாவது டிஸ்க்கை நகல் என்று எண்ணிவிடக் கூடாது. மே 2017-ல் வானாகிரை வைரஸ் உலகெங்கும் விண்டோஸ் கணினிகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. கணினிக்குள் மாட்டியிருக்கும் எதுவும் ஒரே கூரைக்குக் கீழ் இருக்கும் சரக்குதான். டாலி நகல் பென் டிரைவில், வீட்டுப் பீரோவில் இருக்கட்டும்.