நொய் கூடினால் யார் பொறுப்பு? எக்ஸெல் சொல்லும்!

செஞ்சி வட்டாரத்தில் நெல்லுக்குக் குறைவில்லை. எனவே ரைஸ் மில்லையே உதாரணமாக எடுத்துக் கொள்கிறேன். புழுங்கல் அரிசிக்கு நெல்லை ஊற வைத்து, அவித்து, உலர்த்தி, பிறகு அரைக்க வேண்டும். அரவையில் நொய் அதிகம் விழுந்தால் முதல் திட்டு மெஷின் ஆபரேட்டருக்குத்தான். ஆனால் அவசரமாக உலர்த்திய நெல்லில் வெடிப்பு விழுந்திருந்தால், எந்த மெஷினில் போட்டாலும் உடையத்தானே செய்யும்?

இங்கேதான் கண்ட்ரோல் சார்ட் உதவும். அமெரிக்காவில் வால்டர் ஷூஹார்ட் 1924-ல் உருவாக்கியது இது. மகலனோபிஸ் அழைப்பின் பேரில் 1947-48-ல் அவர் இந்தியாவுக்கும் வந்தார்.

எக்ஸெல்லில் ஏ வரிசையில் தேதி. பி-யில், உலர்ந்த நெல்லில் 100 மணிகளை உமி நீக்கி வெளிச்சத்தில் பார்த்து, வெடித்தவை எத்தனை என்று டைப் செய்யுங்கள். சி-யில் அன்றைய நொய் சதவீதம். வேலை ஒழுங்காக நடக்கும் 25 நாட்களுக்கு இப்படிக் குறியுங்கள். டி-யில் ஏபிஎஸ் பங்ஷன் மூலம் இன்றைய நொய்க்கும் நேற்றைய நொய்க்கும் உள்ள வித்தியாசத்தைப் போடுங்கள். அந்த வித்தியாசங்களின் சராசரியை 2.66-ஆல் பெருக்கி, நொய்யின் சராசரியோடு கூட்டினால் மேல் எல்லை. கழித்தால் கீழ் எல்லை. சராசரி 4, வித்தியாசம் 0.5 என்றால் மேல் எல்லை 5.33.

ஒரு நாள் நொய் 6.2 என்று வருகிறது. எல்லை தாண்டிவிட்டது, சரி. தவறு எந்தக் கட்டத்தில்? இந்த ஒரு சார்ட் அதைச் சொல்லாது. பல கட்டமாக நடக்கும் வேலைகளில் எல்லாம் இதே சிக்கல்தான்.

அதற்கு ஈ வரிசையில் போர்காஸ்ட் பங்ஷனைப் போடுங்கள். அன்றைய வெடிப்புக்கு எவ்வளவு நொய் எதிர்பார்க்கலாம் என்று, அந்த 25 நாள் கணக்கை வைத்து அது சொல்லும். (அந்த 25 நாள் செல்களை எப்4 கீ தட்டிப் பூட்டி விடுங்கள். இல்லாவிட்டால் பார்முலாவைக் கீழே இழுக்கும்போது நகர்ந்துவிடும்.) எப் வரிசையில் சி-யிலிருந்து ஈ-யைக் கழியுங்கள். இந்த எப் வரிசைக்கும் மேலே சொன்னபடியே எல்லைகள் போட்டு, இன்சர்ட் மெனுவில் லைன் சார்ட் வரையுங்கள்.

எதிர்பார்ப்பு 5.9 என்றால் மிச்சம் 0.3 மட்டுமே. அது எப் எல்லைக்குள் இருந்தால் அரவை வழக்கம்போலத்தான் நடந்திருக்கிறது. உலர்த்தும் இடத்தைப் பாருங்கள். எப் எல்லை தாண்டினால் மட்டும் ரப்பர் ரோலையும் பாலிஷரையும் கழற்றுங்கள்.

எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கில் இதையெல்லாம் அப்படியே செய்யலாம்.