படம் போகும் வழி, கட்டளை திரும்பும் வழி

கூடத்தில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று, மாடியில் ஒன்று எனத் தொலைக்காட்சிகள் மூன்று இருந்து, செட்டாப் பாக்ஸ் மட்டும் ஒன்றே இருக்கும் வீட்டில், அந்தப் பெட்டியின் படத்தை எல்லா அறைகளுக்கும் கொண்டுசெல்வது அப்படியொன்றும் கடினமான வேலை அன்று. போதுமான வயரும் ஸ்பிளிட்டர் எனப்படும் பிரிப்பானும் இருந்தால் கேபிள்காரர் சிறிது நேரத்தில் முடித்துக் கொடுத்துவிடுவார். உள்ளறையில் இருப்பவர் சேனலை மாற்ற விரும்பும்போதுதான் குறை தெரியவருகிறது. படம் வந்து சேர்வதற்கு வழி இருக்கிறது, கட்டளை திரும்பிப் போவதற்கு வழி இல்லை. நடமாட்டம் குறைந்த முதியவர் ஒருவர் செய்தியிலிருந்து பாட்டுக்கு மாறுவதற்கும் கூடத்தில் இருப்பவரைக் குரல் கொடுத்து அழைக்க வேண்டியிருப்பது மற்றவர்களுக்குச் சிறிய விஷயமாகத் தோன்றலாம். பகல் முழுவதும் அந்தத் திரையையே துணையாகக் கொண்டவருக்கு அது சிறிதன்று. ஒரு பெட்டியைப் பல அறைகளிலிருந்து இயக்குவது பற்றிய பேச்சில் படத்தைவிடக் கட்டளைக்கே முதலிடம் தரவேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

அனலாக் முறை நிலவிய காலத்தில் இச்சிக்கல் எழவில்லை. அப்போது தெருக்கம்பத்திலிருந்து வீட்டுக்குள் வந்த வயரில் எல்லாச் சேனல்களும் வெவ்வேறு அதிர்வெண்களில் ஒருசேர வந்தன. அவற்றிலிருந்து வேண்டிய ஒன்றைப் பிரித்தெடுக்கும் ட்யூனர் என்ற சுற்று ஒவ்வொரு தொலைக்காட்சிக்குள்ளும் இருந்தது. வயரை இரண்டாகப் பிரித்தால் சைகையின் ஆற்றல் ஒவ்வொரு கிளைக்கும் பாதிக்குச் சற்றுக் குறைவாகக் கிடைக்குமே தவிர, கூடத்தில் ஒரு சேனலையும் படுக்கையறையில் வேறொரு சேனலையும் பார்ப்பதற்கு எந்தத் தடையும் இருந்ததில்லை. சென்னையில் 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த நிபந்தனை அணுகல் முறை, கட்டணச் சேனல்களைப் பார்க்கப் பெட்டி ஒன்று கட்டாயம் என்ற நிலையை முதன்முதலாக உண்டாக்கியது. எனினும் இலவசச் சேனல்கள் பெட்டியில்லாமலே வந்துகொண்டிருந்ததால் மற்ற அறைகளின் தொலைக்காட்சிகள் முழுவதும் வெறுமையாகிவிடவில்லை. 2011-இல் கேபிள் தொலைக்காட்சிச் சட்டம் திருத்தப்பட்டு, நாடு முழுவதையும் படிப்படியாக டிஜிட்டலுக்கு மாற்றும் பணிக்கு 2017 மார்ச் 31 இறுதிக் கெடுவாக வைக்கப்பட்டபோதும், அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம் டிஜிட்டல் உரிமம் பெற்றுப் பெட்டிகளை வழங்கத் தொடங்கியபோதும், பழைய நிலை முற்றாக மாறியது. வயரில் வருபவை இப்போது சுருக்கப்பட்டு மறையாக்கம் செய்யப்பட்ட தரவுகள். அவற்றை விடுவிக்கும் உரிமை பெட்டிக்கு மட்டுமே உண்டு. சாதாரணப் பெட்டியில் ட்யூனரும் ஒன்றுதான்.

ஒவ்வொரு தொலைக்காட்சிக்கும் தனிப் பெட்டி வாங்குவதே நேரான தீர்வு. ஆனால் ஒவ்வொரு பெட்டிக்கும் மாதக் கட்டணம் உண்டு. ஒரே வீட்டின் இரண்டாவது இணைப்புக்கும் அதற்கு மேற்பட்டவற்றுக்கும் அடிப்படை வலையமைப்புக் கட்டணத்தில் 40 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2020-இல் விதித்தது; 2024-இல் அக்கட்டணத்துக்கான உச்சவரம்பையே நீக்கிவிட்டது. ஒரு நேரத்தில் ஒருவரோ இருவரோ மட்டும் தொலைக்காட்சி பார்க்கும் வீட்டில், இன்னொரு பெட்டிக்கு மாதந்தோறும் பணம் கட்டுவதைவிட இருக்கும் பெட்டியையே எல்லா அறைகளுக்கும் பொதுவாக்க நினைப்பது நியாயமே.

பெட்டியின் பின்புறத்தைப் பார்த்தால் படம் வெளிவரும் வழிகள் தெரியும். மஞ்சள், சிவப்பு, வெள்ளை நிறங்களில் இருக்கும் ஏவி துளைகளில் மஞ்சள் படத்துக்கும் மற்ற இரண்டும் ஒலிக்கும் உரியவை. மஞ்சள் துளையிலிருந்து வரும் வயரை ஒரு சிறு இணைப்பானால் இரண்டாகப் பிரித்து இரு தொலைக்காட்சிகளுக்கும் கொடுக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. படம் வரும், ஆனால் மங்கலாக வரும். இந்தச் சைகை 75 ஓம் மின்தடை கொண்ட ஒரே ஒரு தொலைக்காட்சியை எதிர்பார்த்து அமைக்கப்பட்டது என்பதால், இரண்டாவதும் சேரும்போது 1 வோல்ட்டாக இருக்கவேண்டிய அளவு ஏறத்தாழ 0.67 வோல்ட்டாகக் குறைகிறது. சில தொலைக்காட்சிகள் இதைத் தாமே ஈடுசெய்ய முயலும். சிலவற்றில் படம் இருண்டோ நடுங்கியோ தெரியும். பிரிக்கும் இடத்தில் ஒவ்வொரு கிளைக்கும் முழு அளவைத் தரும் சிறிய பகிர்வுப் பெருக்கி ஒன்றை வைப்பதே முறை.

ஹெச்டிஎம்ஐ வழியே பிரிப்பதானால் அதற்கென்றே உள்ள, மின்சாரம் பெற்று இயங்கும் ஸ்பிளிட்டர் தேவை. தொலைக்காட்சி ஒவ்வொன்றும் தன்னால் எவ்வளவு நுணுக்கமான படத்தைக் காட்ட முடியும் என்பதை இணைந்தவுடன் பெட்டிக்குத் தெரிவிக்கிறது. இரண்டு தொலைக்காட்சிகள் சேரும்போது பெரும்பாலான ஸ்பிளிட்டர்கள் இரண்டுக்கும் பொதுவான தரத்தையே தேர்ந்தெடுக்கும். அதனால் உள்ளறையில் பழைய சிறிய தொலைக்காட்சி இருந்தால் கூடத்தின் புதிய தொலைக்காட்சியிலும் படத்தின் தரம் தாழலாம். தூரம் கூடினால் சாதாரண ஹெச்டிஎம்ஐ வயர் பயன்படாது. கணினி வலையமைப்புக்குரிய கேட்-6 வயரில் படத்தை ஏற்றி மறுமுனையில் இறக்கும் எக்ஸ்டெண்டர் இணையை அங்கே வைக்கவேண்டும்.

இவ்விடத்தில் பலரைக் குழப்பும் ஒன்றைச் சொல்லவேண்டும். பல பெட்டிகளில் ஆர்எஃப் அவுட் என்ற துளை இருக்கிறது. பெரும்பாலான கேபிள் பெட்டிகளில் அது உள்ளே வந்த சைகையை அப்படியே வெளியே விடும் வழி மட்டுமே. மறையாக்கம் நீங்காத அந்தச் சைகையை அடுத்த பெட்டிக்குக் கொடுக்கலாமே தவிர நேரடியாகத் தொலைக்காட்சிக்குக் கொடுத்துப் பயனில்லை.

இனி கட்டளைக்கு வருவோம். ரிமோட்டின் முனையிலுள்ள சிறு விளக்கு, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியை, பொதுவாக 940 நானோமீட்டர் அலைநீளத்தில், உமிழ்கிறது. பொத்தானை அழுத்தியதும் அது விநாடிக்கு ஏறத்தாழ 38,000 முறை துடிக்கிறது. அந்தத் துடிப்பு எவ்வளவு நேரம் நீடிக்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்ற ஒழுங்கே எந்தப் பொத்தான் என்பதைச் சொல்லும் குறியீடு. பெட்டியின் முகப்பிலுள்ள உணரி அந்தக் குறிப்பிட்ட வேகத்தில் துடிக்கும் ஒளியை மட்டும் ஏற்று, வெயிலையும் அறை விளக்கையும் பெரும்பாலும் ஒதுக்கிவிடுகிறது. முறை சிறந்ததுதான், ஆனால் ஒளி சுவரைக் கடப்பதில்லை. எனவே தொலை அறையில் அந்த ஒளியை ஒரு கண் பெற்று, மின் துடிப்பாக்கி, வயரிலோ வானலையிலோ அனுப்பி, பெட்டியின் முன்னால் மீண்டும் ஒளியாக்கினால், ரிமோட் தன் எதிரிலேயே இருக்கிறது என்று பெட்டி எடுத்துக்கொள்ளும்.

இதை மிக நேர்த்தியாகச் செய்து காட்டியது பிரிட்டன். ஸ்கை நிறுவனம் அங்கே 1998-இல் தொடங்கிய டிஜிட்டல் செயற்கைக்கோள் சேவையின் பெட்டிகளில் இரண்டாவது ஆர்எஃப் துளை ஒன்று இருந்தது. அது வெறும் கடத்தும் வழி அன்று. பெட்டி அப்போது காட்டிக்கொண்டிருக்கும் படத்தைச் சாதாரணத் தொலைக்காட்சிச் சேனலாக மாற்றி அத்துளை வெளியிட்டது. அங்கிருந்து ஒரே ஓரச்சு வடம், அதாவது நடுவில் செப்புக் கம்பியும் அதைச் சுற்றி உலோக வலையும் கொண்ட ஆன்டெனா வயர், மாடி அறைக்குச் சென்றது. மறுமுனையில் தொலைக்காட்சிக்கும் வடத்துக்கும் இடையே, மக்கள் மாயக்கண் என்று பெயரிட்டு அழைத்த சிறு கருவி செருகப்பட்டது. அந்தக் கண் இயங்குவதற்கு வேண்டிய 9 வோல்ட் மின்சாரத்தைப் பெட்டியே அவ்வடத்தின் வழியாக அனுப்பியது. கண் பெற்ற ரிமோட் கட்டளை, படத்தின் அதிர்வெண்ணைவிட மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணில், அதே வடத்தில் இறங்கிப் பெட்டியை அடைந்தது. படமும் மின்சாரமும் ஏறிப்போக, கட்டளை இறங்கிவர, மூன்றும் ஒரு செப்புக் கம்பியில் ஒன்றையொன்று தடுக்காமல் பயணம் செய்தன. அந்த 9 வோல்ட்டைப் பெட்டியின் உட்பட்டியலில் மறைவாக வைக்கப்பட்டிருந்த ஒரு பக்கத்துக்குச் சென்று இயக்கவேண்டும் என்பதும், இடையில் சாதாரண ஸ்பிளிட்டரைப் போட்டால் மின்சாரமும் கட்டளையும் அங்கேயே நின்றுவிடும் என்பதும் அறியாதவர்கள், படம் வருகிறது ரிமோட் வேலை செய்யவில்லை என்று திகைத்ததுண்டு. பின்னாளில் வந்த பெட்டிகளில் அத்துளை நீக்கப்பட்டு, தனியாக வாங்கிப் பொருத்தும் இணைப்பானாக அது சுருங்கியது. நல்லதொரு பொறியியல் சிந்தனை ஓரத்துக்குத் தள்ளப்பட்டது வருத்தத்துக்குரியது.

அந்த வசதி பிறக்கும்போதே உள்ளமைந்திராத பெட்டிகளுக்கு வெளியிலிருந்து அதைச் சேர்க்கலாம். ஐஆர், அதாவது அகச்சிவப்பு, எக்ஸ்டெண்டர் என்ற பெயரில் விற்கப்படும் கருவிகளில் ஒரு வகை, தொலை அறையில் பெற்ற கட்டளையை 433 மெகாஹெர்ட்ஸ் வானலையில் அனுப்புகிறது. வானலை சுவரைக் கடக்கும் என்பதால் புதிய வயர் இழுக்க வேண்டியதில்லை. படத்தையும் வயரில்லாமல் அனுப்பும் கருவிகள் பலவற்றில் படம் 2.4 அல்லது 5.8 கிகாஹெர்ட்ஸிலும் கட்டளை 433 மெகாஹெர்ட்ஸிலும் எதிரெதிரே செல்கின்றன, அவற்றுள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வகை, வீட்டின் வைஃபையோடும் மைக்ரோவேவ் அடுப்போடும் மோதிப் படத்தைக் கலைக்கக்கூடும். வானலைக் கருவி சில வீடுகளில் நன்றாகவும் சில வீடுகளில் அரைகுறையாகவும் இயங்கும். கான்கிரீட் தளம் இடையில் இருந்தால் வயரே நம்பகமானது. ஹெச்டிஎம்ஐ எக்ஸ்டெண்டர்கள் பலவற்றில் கட்டளை திரும்பும் வழியும் அதே கேட்-6 வயரில் சேர்ந்தே வருவதால், வாங்கும்போது ஐஆர் வசதி உண்டா என்று கேட்டு வாங்குவது பின்னால் வரும் தொல்லையைத் தவிர்க்கும்.

பெட்டியின் ரிமோட்டே இல்லாமல் தொலைக்காட்சியின் ரிமோட்டாலேயே பெட்டியை இயக்கும் வழி ஒன்றும் இருக்கிறது. ஹெச்டிஎம்ஐ இணைப்பின் 19 முனைகளில் 13-ஆவது முனை சிஇசி என்ற கட்டளை வழிக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. விநாடிக்குச் சுமார் 400 பிட் என்ற மெதுவான வேகத்தில் தொலைக்காட்சியும் பெட்டியும் அதில் பேசிக்கொள்ளும். சாம்சங் இதை எனிநெட் பிளஸ் என்றும், எல்ஜி சிம்ப்லிங்க் என்றும், சோனி பிராவியா சிங்க் என்றும் அழைப்பதால், தம் தொலைக்காட்சியில் இது இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. ஒரு பெட்டி, ஒரு தொலைக்காட்சி என்றால், பெட்டியும் இதை ஏற்கும் வகையாக இருக்கையில், இது இனிதாக இயங்கும். ஆனால் பல ஸ்பிளிட்டர்கள் இக்கட்டளை வழியை ஒரே ஒரு தொலைக்காட்சிக்குத்தான் திறந்துவிடுகின்றன. சில எதற்கும் திறப்பதில்லை. பல அறை வீட்டுக்கு இதை மட்டும் நம்புவது சரிவராது. புதிதாக வரும் பெட்டிகள் சிலவற்றில் ரிமோட் அகச்சிவப்பு ஒளியை விட்டு புளூடூத்துக்கு மாறியிருக்கிறது. அந்தக் கட்டளையை ஐஆர் எக்ஸ்டெண்டரால் பெறமுடியாது. அடுத்த அறை வரை ரிமோட்டின் அலை தானே எட்டிவிடுமானால் அது தேவையும் இல்லை.

எந்தக் கருவியானாலும் தவறு பெரும்பாலும் கடைசி இரண்டு சென்டிமீட்டரில்தான் நிகழ்கிறது. பெட்டியின் முன் ஒட்டவேண்டிய பயறளவு உமிழ்விளக்கு, உணரிக்கு நேராக அமையாவிட்டால் மற்றெல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை. கருநிற முகப்புக்குப் பின்னால் உணரி எங்கே இருக்கிறது என்பது வெளியே தெரியாததால், ஒரு கைவிளக்கை முகப்பில் சாய்த்துப் பிடித்துத் தேடுவது தொழில் அறிந்தோர் செய்வது. உமிழ்விளக்கு எரிகிறதா என்பதைச் செல்பேசியின் கேமரா வழியே பார்த்து அறியலாம். கண்ணுக்குத் தெரியாத ஒளி அதில் ஊதா கலந்த வெண்மையாக மின்னும். பின்புறக் கேமராக்களில் அகச்சிவப்பை வடிகட்டும் தகடு வலுவாக இருப்பதுண்டு என்பதால் முன்புறக் கேமராவில் பார்ப்பது நல்லது. ஒரே வகைப் பெட்டிகள் இரண்டு அருகருகே இருந்தால் இரண்டும் ஒரே குறியீட்டுக்கு இணங்கும். அப்போது உமிழ்விளக்கின் மேல் கருப்பு டேப்பை ஒட்டி ஒளி பக்கத்துப் பெட்டிக்குச் சிதறாமல் தடுக்கவேண்டும்.

இவ்வளவும் செய்தாலும் மாறாத எல்லை ஒன்று இருக்கிறது: ட்யூனர் ஒன்றாக இருக்கும்வரை எல்லா அறைகளிலும் படம் ஒன்றே. உள்ளறையில் சேனலை மாற்றினால் கூடத்திலும் மாறும். அமெரிக்காவில் இதைத் தீர்த்த விதம் வேறு. டைரக்டிவி நிறுவனத்தின் ஜீனி என்ற பெட்டி ஐந்து ட்யூனர்களைத் தன்னுள் கொண்டு, மற்ற அறைகளில் உள்ள சிறு துணைப்பெட்டிகளுக்கு வீட்டின் பழைய ஓரச்சு வடத்திலேயே தனித்தனிச் சேனல்களை அனுப்பியது. தமிழ்நாட்டின் கேபிள் சேவைகளில் அத்தகைய பெட்டி பரவவில்லை. ஆகவே ஒரே நேரத்தில் இருவர் வெவ்வேறு நிகழ்ச்சிகளைப் பார்க்க விரும்பும் வீட்டில் இரண்டாவது பெட்டி வாங்குவதே சரி. எந்த வயரும் அங்கே உதவாது. பகலில் முதியவரும் மாலையில் மற்றவர்களும் மாறிமாறிப் பார்க்கும் வீட்டுக்கே பொதுப் பெட்டி ஏற்றது. அந்த வீட்டிலும் கூடத்தில் வைக்கும் பெட்டியை முதியவரின் அறைக்கு மாற்றி, எக்ஸ்டெண்டரின் கண்ணைக் கூடத்தில் வைப்பது மேலான ஏற்பாடு. கருவி என்றாவது பழுதானால் எழுந்து நடந்துபோய்ச் சேனலை மாற்ற வேண்டியவர் நடக்க முடிந்தவராக இருப்பார்.

புதிதாக வீடு கட்டுவோர் சுவர் பூசுவதற்கு முன்பே, பெட்டி வைக்கப்போகும் இடத்திலிருந்து தொலைக்காட்சி வரக்கூடிய ஒவ்வோர் அறைக்கும் ஓர் ஓரச்சு வடமும் இரண்டு கேட்-6 வயர்களும் செல்லும் அளவுக்கு அகலமான குழாயைப் பதித்துவிடலாம். குழாயை இடையில் கிளை பிரிக்காமல் அறைக்கு ஒன்றாகக் கொண்டுசெல்வதும், வளைவுகளைக் கூர்மையாக்காமல் விடுவதும், மின்சார வயர்கள் செல்லும் குழாயிலிருந்து தள்ளி வைப்பதும், பின்னால் வயர் இழுப்பதற்காக உள்ளே ஒரு நைலான் கயிற்றைப் போட்டு வைப்பதும் எலக்ட்ரீஷியனிடம் முன்கூட்டியே சொல்லவேண்டியவை.